வெயில் தேடி இறங்கிய சைக்கிள்: கிளிநொச்சி முதல் கொக்கிளாய்க்கு முன்னால் வரை

மரண அறிவித்தல். கிளிநொச்சியைப் பிறப்பிடமாகவும் எங்கள் வீட்டு மாமரத்தடியை வதிவிடமாகவும் கொண்ட எனது சைக்கிளின் மணி, ஆகஸ்ட் விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை காலை பரந்தன் சந்திக்கருகே பள்ளமொன்றில் விழுந்து காலமானது. அன்னார் பெடல், செயின் ஆகியோரின் அன்புச் சகோதரரும் பின்சில்லின் ஆருயிர் நண்பருமாவார். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்று, வீதியில் என்னைக் கண்டால் தாங்களாகவே விலகிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

மணி செத்த செய்தி இவ்வளவுதான். இனி அந்த மணி பூட்டியிருந்த சைக்கிளின் கதை. அதைப் பாதிவரை சிரித்துக்கொண்டு வாசிக்கலாம்.

சைக்கிளின் பெயர் சூரியகுமாரன். அப்பாவின் பழைய சைக்கிள்தான். பின்சில்லில் மோட்டார், நடுச்சட்டத்தில் பற்றரி, பின்னால் இழுபடும் சின்ன வண்டிலில் நூறு வாற் சோலார் பனல். பெற்றோலும் வேண்டாம், வீட்டு மின்சாரமும் வேண்டாம். காற்சட்டைக் கால் மட்டும் செயினில் சிக்காமல் இருந்தால் போதும். மோட்டார் 48,000 ரூபா, பற்றரி 36,000, யாரோ வீட்டுக் கூரையிலிருந்து இறக்கிய பனல் 9,000, பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் நிற்கும் கொன்ட்ரோலர் 7,500, வண்டிலுக்கு இரும்பு 3,500. மொத்தம் ஒரு லட்சத்து நாலாயிரம். கனடா மாமா கணினி வாங்கச் சொல்லி அனுப்பிய காசு. அவரும் இதை வாசிப்பார். வணக்கம் மாமா.

வண்டிலுக்கு வெல்டிங் அடித்தவன் ரிஸ்வான். கிளிநொச்சியில் ஒரே தொழிற்பயிற்சி வகுப்பில் படிக்கிறோம். அவனுடைய வீடு முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்றில். நான் வாயால் சைக்கிள் கட்டினால் அவன் கையால் கட்டுவான். கொக்கிளாய் வரை, கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர், வெயிலை மட்டும் தின்று ஓடிக் காட்டுகிறேன் என்று நான் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ரிஸ்வான் சொன்னது ஒன்றுதான்: "பிரேக் கட்டையை மாத்திப்போட்டு ஓடு."

வெள்ளி காலை 5.40க்குப் புறப்பட்டேன். பரந்தன் சந்தியில் மேற்படி மணி காலமாக, இடுகாடு தேட நேரமில்லாமல் பொக்கற்றில் போட்டுக்கொண்டு முல்லைத்தீவு வீதியில் திரும்பினேன். ஆகஸ்டில் தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். வண்டிலில் படுத்திருக்கும் பனல் தோணிப் பாயைப் போலக் காற்றைப் பிடித்து இழுக்கும். மோட்டாரை மட்டும் நம்பினால் ஒரு முழு பற்றரி 28 கிலோமீற்றர், கூடவே மிதித்தால் 43. விசுவமடு தாண்டி ஒரு கடை வாசலில் இரண்டே கால் மணித்தியாலம் வெயிலில் விட்டேன். கடைக்கார அண்ணை வந்து பார்த்தார்.

"தம்பி, இது அப்பளம் காய வைக்கிறதோ?"

"இல்லை அண்ணை, கரண்ட் காய வைக்கிறன்."

"காஞ்சோடன எனக்கும் ரெண்டு தா."

மாலை 3.50க்குத் தண்ணீரூற்று. அன்றைய தூரம் 66 கிலோமீற்றர். ரிஸ்வானின் உம்மா ஊற்றித் தந்த தேநீரில் நாலு பேருக்குப் போதுமான சீனி இருந்தது. அன்றிரவு அங்கேயே படுத்தேன்.

சனி காலை 7.15க்கு இருவருமாகக் கிளம்பினோம். ரிஸ்வான் தன் சாதாரண சைக்கிளில். முல்லைத்தீவு நகரம் வரை நல்ல வீதி. அதற்குப் பிறகு தெற்கே, கடலோரமாகக் கொக்கிளாய் வீதி. அளம்பில், செம்மலை, நாயாற்றுப் பாலம். பாலத்தில் காற்று நேரே முகத்தில் அறைந்தது. பற்றரி அங்கேயே அரைவாசிக்குக் கீழே போய்விட்டது. சாதாரண சைக்கிள்காரன் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்க, ஒரு லட்சத்து நாலாயிரம் ரூபா பின்னால் வியர்த்துக்கொண்டு போனது.

11.30 அளவில், தண்ணீரூற்றிலிருந்து 29ஆவது கிலோமீற்றரில், பற்றரி படுத்துவிட்டது. வீதியின் இருபுறமும் மரம். நடந்து போகிறவனுக்கு நிழல் வரம், சோலார்காரனுக்குச் சாபம். ரிஸ்வான் முன்னால் போய்ச் சோற்றுப் பாசலும் தண்ணீரும் வாங்கி வருவது என்றும், நான் வெயில் தேடுவது என்றும் முடிவாயிற்று.

வெயில் கிடைத்தது. இடது பக்கம் மரங்களுக்கு நடுவே ஒரு வெளி. மரமே இல்லை, முழங்கால் உயரப் புல் மட்டும். அந்த வரட்சியில், எல்லாக் காணியையும் மாடுகள் தரையோடு நக்கி வைத்திருந்த நேரத்தில், இங்கே மட்டும் புல் வாய் படாமல் நின்றது. சாணமும் இல்லை. சுத்தமான இடம் என்று சந்தோசப்பட்டேன். எங்கள் ஊரில் என் அப்பாவின் வயதுக்காரர் யாரும் அந்தப் புல்லைக் கண்டால் அப்படியே பின்னால் போயிருப்பார்கள். நான் சைக்கிளை உள்ளே தள்ளினேன்.

விளிம்பில் ஒரு தடியில் சிவப்புப் பலகை நின்றது. எலும்புத் தலை, கீழே மூன்று மொழியில் எழுத்து. நான் அதை வாசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கோழிக்கூட்டுக்கு அதே பலகைதான் கதவு. கண்ணிவெடி எடுத்து முடிந்த இடங்களில் சும்மா கிடந்த பலகைகளைச் சனம் கொண்டுபோய்க் கூட்டுக்கும் வேலிக்கும் அடித்திருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு எலும்புத் தலை என்றால் கோழி. இதுவும் மறந்துபோன பலகை என்றே நினைத்தேன்.

அத்தோடு எனக்கு அது தேவையாகவும் இருந்தது. மணலில் சைக்கிள் ஸ்ராண்ட் புதைந்து சரியும். கீழே வைக்க ஒரு தட்டு வேண்டும். தடியைப் பிடுங்கி, பலகையைக் கழற்றி, வீதியிலிருந்து நாற்பது அடி உள்ளே போய், ஸ்ராண்டின் கீழே வைத்தேன். சைக்கிள் அசையாமல் நின்றது. நான் பனலின் நிழலில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன்.

12.20க்கு ரிஸ்வான் வந்தான். தன் சைக்கிளை வீதியில் சாத்திவிட்டு, கையில் பாசலோடு, என் தடத்தைப் பிடிக்காமல் குறுக்கே புல்லுக்குள் இறங்கினான். பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்திருப்பான். பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மீன் வியாபாரி பிரேக் அடித்து நின்ற சத்தம் கேட்டது.

"டேய் தம்பியவை! அசையாதைங்கோ! ரெண்டு பேரும் கால் எடுக்காதைங்கோ!"

ரிஸ்வான் நின்றான். "ஏன் அண்ணை?"

"அது வெடி இருக்கிற காணியடா! இதில பலகை நிண்டதே. எங்க பலகை?"

நான் வகுப்பில் கை தூக்குவது போலக் கை தூக்கினேன்.

அந்த அண்ணை என்னை ஏசவில்லை. ஏச நேரமில்லை. அவருடைய மச்சாள் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருப்பவர். அவருக்குப் போன் எடுத்தார். சனிக்கிழமை, வேலை அரை நாள், ஆட்கள் முகாமுக்குத் திரும்பிவிட்டார்கள். வர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார். என் சைக்கிள் புல்லை நசுக்கித் தடம் போட்டிருந்தது, ஆனால் அண்ணை அதிலும் கால் வைக்க விடவில்லை. ரிஸ்வானின் செருப்பு எந்தத் தடமும் போடவில்லை. காய்ந்த புல் நிமிர்ந்துவிட்டது. வந்த வழியே திரும்ப அவனுக்கு வழி இல்லை. எனக்குப் பனலின் நிழல், அவனுக்கு நண்பகல் வெயில். குந்த ஏலாது, சாய ஏலாது. மயங்கி விழுந்தால் எங்கே விழுவான் என்று யாருக்கும் தெரியாது.

அண்ணை தண்ணீர்ப் போத்தலை எறியக் கையை ஓங்கிவிட்டுத் தானே நிறுத்தினார். "பிடிக்காமல் விட்டியெண்டா நிலத்தில விழும்," என்றார். போத்தலைத் தன் மீன்பெட்டிக்கு மேல் வைத்தார். பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வீதியில் ஓடியது. அவர் போகவில்லை.

நான் சூழ்நிலையைக் கையில் எடுத்தேன். ரிஸ்வான் விழாமல் நிற்க வேண்டுமென்றால் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். சிரிக்க வைப்பது என் தொழில்.

"கணக்கு வகுப்பில கதிரையில ஏத்திவிட்டாப் பத்து நிமிசம் நிக்கமாட்டம். இண்டைக்கு வாத்தியார் பார்த்தால் மாலை போடுவார்."

"கொழும்பிலயிருந்து ஆரும் பெரியாள் வந்தால் சிலையெண்டு நினைச்சுத் திறந்து வைச்சிட்டுப் போகப் போறார்."

"பாசல் கோழியடா. இறுக்கிப் பிடிக்கவேணும், பறந்திடும்."

வீதியில் நின்ற அண்ணையும் ஒருதரம் சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்தார்.

1.25க்கு அவர்கள் வந்தார்கள். மூன்று பேரும் ஓர் அம்புலன்ஸ் வண்டியும். மச்சாள் அக்கா முகக் கவசத்தை இறக்கி, வீதி ஓரத்தில் முழங்காலிட்டு, கருவியால் தடவித் தடவி, புல்லை வெட்டி, ஓர் ஆள் அகலத்துக்கு வழி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு கை நீளத்துக்கு எத்தனை நிமிடம் என்று நான் எண்ணத் தொடங்கி, பயந்து நிறுத்தினேன். 2.30 அளவில் ரிஸ்வான் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினான்.

"தம்பி, பேரென்ன?" என்று அக்கா கேட்டார்.

"ரிஸ்வான்."

"ரிஸ்வான், என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. கீழ பாக்காதைங்கோ."

அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவனுடைய இடது குதிக்காலுக்கு ஒரு சாண் தள்ளி அவர் ஒரு சிவப்புக் கொடி குத்தினார்.

2.55க்கு அவன் தார் வீதியில் கால் வைத்தான், வைத்ததும் விழுந்தான். பாசல் இன்னும் கையில் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். அவனை முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகு என் பக்கம் வழி எடுத்து என்னை வெளியே கொண்டுவர 4.40. அக்கா தடியையும் பலகையையும் என் கையில் தந்தார். தானே சுத்தியலை எடுத்தார். "பிடி. நேராய்ப் பிடி," என்றார். அடித்து முடியும் வரை வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மீன் அண்ணையின் மீன் முழுக்கப் பழுது. அவரே என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டார். ரிஸ்வானுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலடியில் நின்ற அவனுடைய வாப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "பலகையை ஏன் மகன் புடுங்கினீங்க?"

"ஸ்ராண்ட் புதைஞ்சது வாப்பா," என்றேன். அதுதான் உண்மை. அதைவிடக் கேவலமான ஓர் உண்மையை நான் இதுவரை சொன்னதில்லை.

சூரியகுமாரனை அவர்கள் இரண்டு நாள் கழித்தே வெளியே எடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் அவன் பற்றரி நிரம்பி நின்றான். ரிஸ்வான் மறுநாள் வீட்டுக்குப் போனான். அது நடந்து மூன்று வாரம். இன்னும் தன் வீட்டு முற்றத்தில்கூட அவன் கல் பாவிய பாதையை விட்டு மண்ணில் கால் வைப்பதில்லை. வகுப்பு மறுபடி தொடங்கியும் அவன் வரவில்லை.

இப்படிப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். நூறு வாற் பனல் நல்ல வெயிலில் எழுபதுக்கு மேல் தராது. வெறும் பற்றரியை நிரப்ப ஐந்தரை மணித்தியாலம் வேண்டும். சோழகத்தில் தெற்கு நோக்கிப் போனால் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். ஸ்ராண்டுக்குக் கீழே வைக்க ஒரு தகரத் துண்டை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். சார்ஜ் பண்ணுவது என்றால் கடை வாசல், பள்ளிக்கூட மைதானம், கோவில் வீதி, பள்ளிவாசல் முன்றல், மனிதர் தினமும் மிதிக்கிற இடம் மட்டும். வன்னியில் மாடு தொடாத புல்லைக் கண்டால் தார் வீதியிலேயே நில்லுங்கள். சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் போகாதீர்கள், கையும் வைக்காதீர்கள். அது கோழிக்கூட்டில் இருந்தாலும் சரி.

முடிக்க முன் ஒன்று. பதிவேற்ற முதல் இதை ரிஸ்வானுக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கு, அப்பிடியே போடு" என்று மட்டும் பதில் வந்தது. அப்படியே போட முடியவில்லை. சிரிக்க வைப்பது என் தொழில் என்று மேலே எழுதினேன் அல்லவா, அந்தப் பகிடிகள் என்னுடையவை அல்ல. கதிரை, சிலை, கோழி, மூன்றும் அவன் சொன்னவை. வெயிலுக்குள், அசையாமல், தன்னைப் பற்றியே சொன்னான். நான் ஆளை மாற்றி எழுதினேன். நான் அந்த நேரம் முழுக்க நிழலில் குந்தியிருந்து அழுதேன். காற்சட்டையும் நனைந்தது. எழுந்து அவனிடம் ஓடப் பார்த்தேன். ஒரு காலைத் தூக்கியும் விட்டேன். அப்போதுதான் அவன் முதல் பகிடியைச் சொன்னான். நான் காலை இறக்கி உட்காரும் வரை அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே நின்றான்.