கண்டக்டர் சின்னப்பனின் நாலு டின் சில்லறை

சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் சின்னப்பன் கண்டக்டராக இருந்தவர். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பயணியிடம்கூட அவர் "சில்லறை இல்லை" என்று சொன்னதில்லை. மற்ற கண்டக்டர்கள் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆள் இறங்கும் நேரத்தில் வேறு பக்கம் பார்த்து விசில் ஊதுவார்கள். சின்னப்பனிடம் நூறு ரூபாய் நோட்டை நீட்டினாலும் டிக்கெட்டோடு மீதியும் கைக்கு வந்துவிடும்.

"சில்லற இல்லன்னு சொல்ற கண்டக்டரு வேற வேலைக்கிப் போவட்டும்" என்பார்.

இதற்காகச் சம்பளப் பணத்திலேயே ஒரு பங்கைக் காசாக மாற்றி வைத்துக்கொள்வார். பெட்டிக்கடை, வாரச்சந்தை, மாதா கோயில் உண்டியல் என்று எங்கே காசு குவிந்தாலும் சின்னப்பன் நோட்டோடு போய் நிற்பார். மாற்றிய வேகத்துக்கு அது செலவாகவில்லை. பத்து பைசாவை மதிப்பார் இல்லாமல் போனது. நாலணா செல்லாமல் போனது. எட்டணாவைக் கடைக்காரர்கள் கையால் தொட மறுத்தார்கள். சின்னப்பன் வேலையை விட்டு வீட்டோடு இருக்க வந்தபோது நாலு எண்ணெய் டின் நிறையக் காசு மிஞ்சியிருந்தது.

அந்த டின்களை அசைக்க முடியாது. அவர் மனைவி லூசி வீடு பெருக்கும்போது அவற்றைச் சுற்றித்தான் பெருக்குவாள். ஒரு டின் மேல் மிக்ஸி. இன்னொன்றின் மேல் டிவி.

"ஊட்டுக்காரரு இன்னா சேத்து வெச்சாருன்னு கேக்கறவங்ககிட்ட தூக்கிக் காட்டக்கூட முடியல" என்று பக்கத்து வீட்டுச் செவ்வந்தியிடம் சொல்லி அலுத்துக்கொள்வாள்.

மகள் பிரின்சி கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவள், போனை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். கருப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் ஒரு பழைய ரூபாய்க் காசைப் பிடித்துக்கொண்டு, இது உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்று கத்திக்கொண்டிருந்தான்.

"ப்பா, வருசத்துக்குக் கீழ ஒரு சின்ன அடையாளம் இருக்குமாம். ஸ்டார் இருந்தா ஐதராபாத்தாம், டயமண்டு இருந்தா பம்பாயாம், புள்ளி இருந்தா நொய்டாவாம். ஒண்ணுமே இல்லன்னா கல்கத்தாவாம். சில வருசத்து காசு கம்மியாத்தான் அடிச்சிருக்காங்களாம். அதுக்குதான் வெல ஜாஸ்தி."

சின்னப்பன் டின்களைப் பார்த்தார். லூசியும் பார்த்தாள். மிக்ஸி இறங்கியது, டிவி இறங்கியது.

வாசலில் நெல் காயப்போடும் தார்ப்பாயை விரித்து டின்களைக் கவிழ்த்தார்கள். அந்தச் சத்தத்துக்கே தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். செவ்வந்தி முறத்தோடு வந்தாள். வளைந்த ஓரத்துப் பத்து பைசா ஒரு குவியல், ஆறு மூலை இருபது பைசா ஒரு குவியல், காண்டாமிருகம் போட்ட நாலணா ஒரு குவியல் என்று பிரித்தார்கள். பிரித்த பிறகுதான் வேலையே ஆரம்பம். வருசத்துக்குக் கீழே இருப்பது ஸ்டாரா, அழுக்கா என்று யாருக்கும் தெரியவில்லை.

"இது டயமண்டுதான்" என்றாள் செவ்வந்தி.

சின்னப்பன் நகத்தால் சுரண்டினார். டயமண்டு நகத்தோடு வந்துவிட்டது.

ஒரு வாரம் இப்படியே போனது. சின்னப்பனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தூக்கத்திலும் காசைத் தடவிப் பார்க்கிறார் என்று லூசி சொன்னாள். கடைசியில் தேறியது ஒரு தட்டு நிறையக் காசு. பிரின்சி அதைப் படம் பிடித்து அம்மாவின் போன் நம்பரோடு இணையத்தில் போட்டாள். மறுநாளே லூசியின் போனுக்கு ஒரு தேன் குரல் வந்தது.

"மேடம், உங்க காயினுக்கு எங்க கம்பெனி மூணு லட்சம் தருது. ரெண்டாயிரம் ரூபா ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ் மட்டும் முதல்ல கட்டிடுங்க."

"அப்பிடிங்களா தம்பி. மூணு லட்சத்துல அந்த ரெண்டாயிரத்தக் கழிச்சிக்கினு மிச்சத்த அனுப்புங்க."

"அப்படிப் பண்ண முடியாது மேடம்."

"ரெண்டாயிரம் பத்தலயா? பத்தாயிரமா கழிச்சிக்குங்க."

"மேடம், நான் சொல்றது..."

"சரி, அம்பதாயிரம். புள்ளகுட்டிக்காரரா இருப்பீங்க."

போன் கட்டாகிவிட்டது. "பாவம், அந்தப் பக்கம் டவரு இல்ல போல" என்றாள் லூசி.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழங்காசு வாங்கி விற்கும் விஜயராகவன் என்பவரைப் பிரின்சி விசாரித்து வைத்திருந்தாள். அவர் வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். வியாழக்கிழமை முழுக்க லூசி புளி கரைத்தாள். பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்றால் முகம் கழுவாமலா உட்கார வைப்போம் என்பது அவள் கேள்வி. தட்டில் இருந்த காசு அத்தனையையும் புளி போட்டு ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கும் பவுடரால் தேய்த்து, துணியால் துடைத்து அடுக்கினாள். வெயிலில் கண் கூசியது.

சின்னப்பன் ஒரு ஊறுகாய் பாட்டிலையும் கொண்டுவந்து வைத்தார். பஸ் கூட்டத்தில் பயணிகள் அவர் தலையில் கட்டிவிட்டுப் போன கோணல் மாணல் காசுகள் அதில் கிடந்தன. அவற்றை இன்னொரு பயணியிடம் தள்ளிவிட அவருக்கு மனசு வந்ததில்லை. தன் கைக்காசைப் போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டு இவற்றைப் பாட்டிலில் போட்டுவிடுவார்.

"செல்லாத காசுக்கு எதுக்குப் புளி? கிலோ இன்னா வெல தெரியுமா?" என்று லூசி அதை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

விஜயராகவன் ஸ்கூட்டரில் வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. தட்டைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, இதையெல்லாம் யாரு தேச்சது?"

"நானுதாங்க" என்றாள் லூசி, பாராட்டை எதிர்பார்த்து.

"எங்க லைன்ல தேச்ச காசு செத்த காசும்மா. இதோ, இது ஒண்ணு முந்நூறு போயிருக்கும். இது நானூறு. இப்ப இதுல மிட்டாய்தான் வாங்கலாம்." லூசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சின்னப்பன் புளிச் சட்டியை மெல்லக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

காபி வந்தது. குடித்துக்கொண்டே விஜயராகவன் ஊறுகாய் பாட்டிலைக் காட்டி, "அது இன்னாங்க?" என்றார்.

"அது வேஸ்ட்டுங்க. என்னை ஏமாத்துன காசு."

விஜயராகவன் பாட்டிலைத் தார்ப்பாயில் கொட்டினார். ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். காபி ஆறியது. பிறகு ஒரு ரூபாய்க் காசைத் தனியாக எடுத்தார். அதில் சிங்கம் பாதிதான் இருந்தது. மீதி இடம் வழவழவென்று மொட்டையாக இருந்தது.

"அச்சடிக்கசொல்லோ தகடு நகந்து போயிருக்குது. கள்ளக்காசு இல்லிங்க, அசல் சர்க்கார் காசுதான். தப்பா அடிச்சதுக்குத்தான் சேக்கறவங்க அலையறாங்க. நல்லவேள, இத யாரும் தேய்க்கல."

அந்த ஒரு காசுக்கு இரண்டாயிரம் கொடுத்தார். பாட்டிலில் வேறு சிலவற்றையும் பொறுக்கி இன்னொரு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துவிட்டுப் போனார். தான் புளி போட மறுத்ததால்தான் அந்தக் காசு பிழைத்தது என்று லூசி அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

சின்னப்பனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பாதிச் சிங்கத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். அதைக் கொடுத்தவன் மலைமேல் இருக்கும் மாதன். புளியும் தேனும் விற்கக் கீழே வந்து போகிறவன். அவன் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் பையை எண்ணும்போதுதான் சின்னப்பன் காசைப் பார்த்தார். நோட்டு இல்லாமல் ரூபாய்க் காசாகக் கொடுத்தவன் அன்றைக்கு அவன் ஒருத்தன்தான். மறுநாள் கேட்டதற்கு மாதன், தான் கொடுத்தது நல்ல காசு என்று சாமிமேல் சத்தியம் செய்தான். ஆத்திரத்தில் சின்னப்பன் பஸ்ஸில் வைத்து அவனைச் 'செல்லாக்காசு மாதன்' என்று கூப்பிட, அந்தப் பேர் மலை முழுக்க ஒட்டிக்கொண்டது.

"அசல் காசுன்னா அவன் சொன்னது நெசந்தானே லூசி? அநியாயமாப் பேரக் கெடுத்துட்டேனே."

"அதுக்கு இப்போ இன்னா பண்ணப் போறீங்க?"

ஆயிரம் ரூபாயை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சின்னப்பன் மலை பஸ்ஸில் ஏறினார்.

மாதன் களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் மனைவி சாமியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சின்னப்பன் மோரைக் குடிக்காமல் நடந்ததையெல்லாம் சொன்னார். "மாதா, நீ அன்னிக்கிக் குடுத்தது நல்ல காசுதான்யா. நாந்தான் தப்பாப் பேசிட்டேன்" என்று முடித்தார்.

மாதன் மனைவியைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"செல்லாதுன்னு தெரிஞ்சுதாங்க குடுத்தேன், கண்டக்டரே! சந்தையில ஒரு யாவாரி என் தலையில கட்டிட்டான். ஒரு வாரமா வெச்சிக்கினு இருந்தேன், பஸ்ஸுல கூட்டம் வரட்டும்னு."

"நாந்தாங்க சொன்னேன்" என்றாள் சாமியம்மாள். "கண்டக்டருகிட்ட தள்ளிடு, அவரு கூட்டத்துல பாக்க மாட்டாருன்னு."

சின்னப்பன் எழுந்து நின்றுவிட்டார். "அப்போ நான் சொன்னது சரிதானே! இன்னொரு தபா சொல்லு!"

மாதன் இன்னொரு தடவை சொன்னான். சின்னப்பன் மோரை ஒரே மூச்சில் குடித்தார். சட்டைப்பைக்குப் போன கை பாதியில் நின்றது.

"ஏமாத்திக் குடுத்தவனுக்கு எதுக்குப் பங்கு?"

"நல்ல காசத்தானே குடுத்தேன்? அதெப்பிடி ஏமாத்துனதாவும்?" என்றான் மாதன்.

"நல்ல காசுன்னு ஒனக்குத் தெரியாதே!"

"ஒங்களுக்கும்தான் தெரியாது!"

சாமை காய்ந்துகொண்டே இருந்தது. சாமியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரும் அந்தச் சந்தை யாவாரியத் தேடிக்கினு போயிக் குடுத்துட்டு வாங்களேன். அவந்தான் மொதல்ல குடுத்தவன்" என்றாள்.

கடைசியில் ஐந்நூறு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள். மாதன் பதிலுக்கு ஒரு பை சாமையும் ஒரு பாட்டில் தேனும் கொடுத்தான். இனிமேல் அந்தப் பட்டப்பேரை எல்லோரும் மறக்கும்படி சொல்லிவிடுகிறேன் என்றார் சின்னப்பன்.

"ஐயோ, அது மட்டும் வாணாங்க" என்று மாதன் பதறினான். "இந்த மலையில எத்தினி மாதன் இருக்கறாங்க! செல்லாக்காசுன்னு போட்டாத்தான் தபால்காரரு நம்ம ஊட்டுக்கு வராரு."

திரும்பி வரும் பஸ்ஸில், கரியாலூர் தாண்டுவதற்குள் சின்னப்பன் தான் அன்றைக்கு நிஜமாகவே ஏமாற்றப்பட்ட கதையை முன் சீட்டு, பின் சீட்டு, டிரைவர் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார். வேலையில் இருந்தபோதுகூட அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

வீட்டில் லூசி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தேன் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து, ஒரு சொட்டை விரலில் தொட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"மாதன் குடுத்ததுன்னு சொல்றீங்களே, ஒரிஜினல்தானா?"