கொட்டை எடுத்த பேரீச்சம்பழம்

பேரீச்சம்பழத்தைக் கண்டால் மற்றவர்களுக்கு வாயூறும். எனக்கோ கொஞ்சக் காலம் கோபம்தான் வந்தது. பட்டினத்துக் கடைகளில் அதைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பதைக் கண்டால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பேன். இன்றைக்கு அதே கடை வாசலில் நின்று, "உது காய்ஞ்சு போச்சு, மற்றதை எடுங்கோ" என்று கடைக்காரரோடு வாதாடுகிறேன். பக்கத்தில் நிற்கும் என் மகள் வெட்கப்பட்டு என் கையை இழுக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்! அவள் பிறப்பதற்கு முன், இந்தப் பழத்தை வைத்து எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள் மூன்று வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்க்காமல் சோறு தின்றோம்.

ஒருத்தி நான். மற்றவர் மச்சாள், என் கணவரின் அக்கா. கல்யாணம் கட்டாதவர், எங்களோடுதான் இருந்தார். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. என் கணவர் விடியத் தொழிலுக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இருவரும்தான். மச்சாளின் வாய் பொல்லாத வாய். ஆனால் எனக்குத் தலையிடி என்று தெரிந்தால், சொல்லுமுன்னம் மல்லித் தண்ணியோடு வந்து நிற்பார்.

முதல் பிள்ளை வயிற்றில் வந்தபோது சத்தி என்றால் அப்படியொரு சத்தி. மீன் மணமே ஆகாது. கடற்தொழில் செய்கிறவன் வீட்டில் மீன் மணம் ஆகாவிட்டால் எங்கே போய் இருப்பது? சோறு, இடியப்பம், பாண் எல்லாம் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தன. ஒரு நாள் மச்சாள் பட்டினத்துக்குப் போய்ப் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். ஒவ்வொன்றாகக் கழுவி, கீறி, கொட்டையை எடுத்து, கண்ணாடிப் போத்தலில் போட்டு என் தலைமாட்டில் வைத்தார்.

"ஒண்டை வாயிலை போட்டுச் சூப்பு பிள்ளை. நிண்டால் நிக்கட்டும்."

நின்றது! அதன்பிறகு அந்தப் போத்தல் காலியாக மச்சாள் விடவில்லை. "என்ரை மருமகன் இனிப்பன்" என்று என் வயிற்றைப் பார்த்துக் கதைப்பார். மருமகன்தான் என்று அவருக்கு ஆர் சொன்னது என்று நான் சண்டை பிடிப்பேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆசையாக இருக்கிறது.

நாலாம் மாதம், தவக்காலம் தொடங்கின கிழமை, பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்துவிட்டு வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்தேன். சொந்தக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். விசாரிக்க என்றால் உண்மையிலேயே விசாரணைதான். என்ன தூக்கினாய், எங்கே நடந்தாய், என்ன சாப்பிட்டாய்? நான் ஒளிக்காமல், பேரீச்சம்பழம்தான் சாப்பிட்டேன் என்றேன்.

கணவரின் மாமி ஒருவர் நெஞ்சில் கையை வைத்தார். "ஐயோ, அது சூட்டுப் பழமெல்லே! வயித்துப் பிள்ளைக்காரி ஆரும் உதைத் தின்னுவாளே?"

எல்லாக் கண்களும் என் மேல் விழுந்தன. நான் மச்சாளைப் பார்த்தேன். "நான்தான் வாங்கிக் குடுத்தனான்" என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். குப்பைக் கிடங்கில் அது உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

வாங்கித் தந்தது அவர், பழி எனக்கு. அன்றைக்கு என் மனதில் விழுந்தது அதுதான். அதைவிட மோசமானது ஒன்றும் இருந்தது, அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. என் பிள்ளையை நானே தின்று கொன்றுவிட்டேனோ என்ற பயம் அது. பூசையில் முழந்தாளிட்டால் அதே கேள்வி. அடுப்பில் பிட்டு அவியும்போதும் அதே கேள்வி. கேட்டால் ஆமென்று சொல்லிவிடுவார்களோ என்று எவரிடமும் கேட்கவில்லை.

அந்தத் தவக்காலத்தில் வழமைபோல, உயிர்த்த ஞாயிறு வரும்வரை என்று, வீட்டில் ஆளுக்கொரு விருப்பமானதை விட்டோம். என் கணவர் வெற்றிலையை விட்டார், நான் மீனை விட்டேன், மச்சாள் சீனியை விட்டார். உயிர்த்த ஞாயிறு வந்தது. இவர் பூசை முடிந்த கையோடு வெற்றிலையை வாயில் திணித்தார். எனக்கும் மீன் குழம்பு வந்தது. மச்சாள் மட்டும் வெறுந்தேத்தண்ணியைச் சீனி இல்லாமலே குடித்தார். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக் கேக்கைத் தானே அடித்துத் தானே வெட்டி ஊருக்கெல்லாம் கொடுத்தார், ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. "சீனி வருத்தமோ?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது மச்சாள் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதோடு ஒழுங்கை முழுக்க அவருக்கு நீரிழிவு, சீனி வருத்தம் என்று முடிவாகிவிட்டது. நானும் நம்பினேன். கொஞ்சம் திருப்திப்பட்டேன் என்றும் சொல்லவேண்டும். பாவம் பிடித்த மனம்.

மூன்று வருடம் கழித்து அடுத்த பிள்ளை வயிற்றில் வந்தது. கிளினிக்குக்கு மச்சாள்தான் கூட வருவார். வருவார், ஆனால் ஓட்டோவில் அவர் அந்தப் பக்கம் பார்ப்பார், நான் இந்தப் பக்கம் பார்ப்பேன். கிளினிக்கில் காத்திருக்கிற வாங்கில் என் பக்கத்தில் எப்போதும் ஒரு முஸ்லிம் பெண் இருப்பாள். இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து, பட்டினத்தில் தாயின் பழைய வீட்டைத் திருத்தி இருக்கிறவள். எனக்கு ஒரு மாதம் முந்தி அவளுக்குப் பிள்ளை பிறக்கிற நாள். ஒரு நாள் தகர டப்பா ஒன்றைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். பேரீச்சம்பழம்!

"எடுங்கோக்கா. கடைசி மாசங்களிலை எங்கடை ஆக்கள் உதைத்தான் தின்னக் குடுப்பினம். பிள்ளை லேசாப் பிறக்குமாம்."

வேண்டாம் என்று சொன்னால் அவள் மனம் நோகும். மூன்று பழத்தை எடுத்து லேஞ்சித் துணியில் முடிந்து வைத்துக்கொண்டேன். மச்சாள் எழும்பி யன்னலடிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு இரத்தம் குறைவு என்று வந்தது. மிட்வைப் மிஸ் குளிசையை எண்ணித் தந்துவிட்டு, "கீரை தின்னுங்கோ, முட்டை தின்னுங்கோ, பேரீச்சம்பழமும்..." என்று தொடங்கினார்.

எனக்கு எங்கேயிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அந்தக் கண்டறியாத பழத்தைச் சொல்லாதேங்கோ மிஸ்! என்ரை முதல் பிள்ளை அதாலைதான் போனது!"

மூன்று வருடமாக விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. மிஸ் பேனையை வைத்தார்.

"ஆர் உங்களுக்கு உந்தக் கதை சொன்னது? நாலு பழம் தின்று பிள்ளை போறேல்லை. அந்த மாசங்களிலை சில பிள்ளையள் தங்காது. நீங்கள் தின்றதாலையும் இல்லை, நடந்ததாலையும் இல்லை. ஒருத்தரிலையும் பிழையில்லை, விளங்குதோ?"

விளங்கியது. அழுகை வந்தது. ஆனால் நான் அழமுன்னமே எனக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது. என்னோடு உள்ளே வந்திருந்த மச்சாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் வெளிறிப்போய். மிஸ் ஓடிப்போய் அவரைக் கதிரையில் இருத்தினார்.

"இவவுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?"

"சீனி வருத்தம்" என்றேன்.

"என்ன மருந்து எடுக்கிறா?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் அவரோடு ஒரே குசினியில் சமைத்தும், அவர் ஒரு குளிசை போட்டதைக்கூட நான் கண்டதில்லை. மிஸ் அவர் விரலில் குத்திப் பார்த்தார்.

"சீனி சரியாத்தானே கிடக்கு! சீனி வருத்தமெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை மிஸ்." மச்சாளின் குரல் கீழே கிடந்தது. "நான்தான் விட்டனான். நான் வாங்கிக் குடுத்த இனிப்பாலை ஒரு பிள்ளை போச்சு. அதைத் தின்னக் குடுத்த கையாலை நான் இனிப்பை வாயிலை வைப்பனே? அண்டைக்கு அத்தனை பேருக்கு முன்னாலை சொல்ல எனக்குத் துணிவில்லை. அவளை மற்றவை ஏச விட்டிட்டு நிண்டனான். அடுத்த பிள்ளை கைக்கு வருமட்டும் தொடுறேல்லையெண்டு மாதாட்டைச் சொல்லிப்போட்டன்."

நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரே கேள்வியை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரைக் கட்டிப்பிடித்து, "எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே மச்சாள்!" என்று ஏசிக்கொண்டே அழுதேன்.

திரும்பும்போது ஓட்டோவில் லேஞ்சியை அவிழ்த்தேன். அவருக்கு ஒன்றை நீட்டினால் தலையை ஆட்டினார். "இன்னும் நாள் கிடக்கு. நீ தின்னு. நான் பாக்கிறன்." நான் பயந்து பயந்துதான் கடித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த நாள் என் தலைமாட்டில் புதுப் போத்தல் இருந்தது, கழுவி, கீறி, கொட்டை எடுத்து.

லேசாகப் பிறக்கும் என்றாளே அந்தப் பெண்! ஒரு இரவும் ஒரு பகலும் நான் கத்தின கத்து ஆஸ்பத்திரிக்குத் தெரியும். ஆனால் பிறந்தாள். பார்வையாளர் நேரம் மணி அடித்ததும் முதலில் உள்ளே வந்தது மச்சாள்தான். பிள்ளையைத் தூக்கி அவர் கையில் வைத்தேன்.

கிளினிக் சிநேகிதி ஆஸ்பத்திரிக்கென்று தந்த டப்பா என் பைக்குள் இருந்தது. ஒரு பழத்தை எடுத்து, "இப்ப கைக்கு வந்திட்டுதுதானே, வாயைத் திறவுங்கோ" என்றேன். திறந்தார். மென்றார். கண்ணீர் வழிந்து நாடியில் நின்றது. திடீரென்று நிறுத்திவிட்டு என்னை முறைத்தார்.

"கொட்டை எடுக்கேல்லையடி!"

"பிள்ளையைத் தாங்கோ, துப்பிப்போட்டு வாங்கோ."

தரவில்லை. கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஒரு கன்னம் வீங்கின முகத்தோடு, வெளியே போகச் சொல்லி மணி அடிக்கும்வரை என் மகளை வைத்துக்கொண்டு நின்றார்.