விசைப்படகும் வெறும் வெள்ளமும்

என் எழுத்தில் 'வெள்ளம்' என்ற சொல்லை யாராவது அடித்து 'தண்ணீர்' என்று திருத்தி அனுப்பினால், நான் அதை அடித்துவிட்டு மறுபடியும் 'வெள்ளம்' என்றே எழுதி அனுப்புவேன். பிடிவாதக்காரி என்கிறார்கள். ஆமாம், பிடிவாதம்தான். தமிழ்நாட்டில் வெள்ளம் என்றால் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வருவது. திருவனந்தபுரத்தில் வளர்ந்த எங்களுக்கு, தாகம் எடுத்தால் குடிப்பது. பிறந்ததிலிருந்து நான் குடித்ததெல்லாம் வெள்ளம்தான். அந்தச் சொல்லுக்காக ஒருமுறை சண்டை போட்டிருக்கிறேன், அதனால் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அப்பாவுக்கு, சாலை என்ற கடைத்தெருவில் ஆணி, தாழ்ப்பாள், கயிறு விற்கும் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பானூர்ப் பக்கம் ஓர் ஆங்கிலப் படத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். உளவாளிப் படம். பேசியது எங்கள் இரண்டு பேருக்குமே பாதிதான் புரிந்தது. படகு வந்த பிறகு பேச்சே தேவைப்படவில்லை.

அது கருப்பு நிற விசைப்படகு. ஓட்டிய உளவாளியின் கோட்டு கடைசிவரை கசங்கவே இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினான், பின்னால் புகை கிளம்பித் துரத்தியவர்களின் கண்ணை மறைத்தது. இன்னொன்றை அமுக்கினான், பக்கவாட்டிலிருந்து கயிறு பாய்ந்து, வெள்ளத்தில் விழுந்து கிடந்த பெண்ணைத் தூக்கி வந்தது. அடுத்ததுக்குக் கண்ணாடிக் கூரை மூடிக்கொள்ள, படகு அப்படியே முழுகிவிட்டது. எதிரிகள் திருதிருவென்று விழித்தார்கள். கடைசியில் அடியில் சக்கரம் முளைத்து, படித்துறை ஏறி, வெள்ளத்தை வாரி இறைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குள் ஓடியது. நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். அப்பா என் காதருகே குனிந்து, "கொள்ளாம் கேட்டியா மக்களே. அந்தக் கயிறு நல்ல சாதனமாக்கும்" என்று மெச்சினார்.

அந்த வருடம் தமிழ்ச் சங்கம் ஒன்று பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தது. தலைப்பு, 'நான் வியந்த வாகனம்'. முதல் பரிசு பெறும் கட்டுரை ஆண்டு மலரில் அச்சாகும். எனக்கு அது வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளப் பிள்ளைகள், தமிழ்க்காரி என்று இளக்காரமாக என்னைப் 'பாண்டி' என்பார்கள். கல்யாணம், காட்சி என்று திருநெல்வேலிக்குப் போனால் அங்கே இருக்கும் பிள்ளைகள் 'மலையாளத்தாள்' என்று சிரிக்கும். என் தமிழும் தமிழ்தான் என்று அச்சில் பார்க்க வேண்டும் எனக்கு.

கலப்புச் சொல் கூடாது என்பது போட்டியின் விதி. ஆகவே ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகத் துரத்தி விரட்டினேன். ஸ்பீட் போட்டு விசைப்படகு ஆனது. பட்டன் பொத்தான் ஆனது. சினிமா என்று எழுதவே பயந்து, நேரில் பார்த்தமாதிரி எழுதினேன். உளவாளியைத் 'தீரர்' என்றேன். தலைப்பு வாகனம் என்பதால் எதிரிகளை விட்டுவிட்டேன். ஆனால் படகு வெள்ளத்தில் பாய்ந்தது, வெள்ளத்துக்கு அடியில் போனது, வெள்ளத்தோடு தெருவுக்குள் வந்தது. அந்தச் சொல்லின்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அது எங்கள் வீட்டுச் சொல் அல்லவா!

நடுவர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அப்போதுதான் மகன் வீட்டுக்குக் குடிவந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விழா மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து எனக்கு முதல் பரிசு என்று அறிவித்தார். எனக்குக் கால் தரையில் இல்லை. பிறகு அவர் காரணம் சொன்னார்.

"ஊருக்குள் வெள்ளம் புகுந்த வேளையில், தெருவிலேயே படகு ஓட்டி மக்களை மீட்ட வரலாற்றை இந்தச் சிறுமி உருக்கமாக எழுதியிருக்கிறாள். கயிறு வீசி ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறார்கள். அதுமட்டுமா? வெள்ளம் வடிந்தபின் கொசு பெருகுமே என்று, புகையடிக்கும் வசதியையும் அந்தப் படகில் வைத்திருக்கிறார்கள்! என்ன சமூக அக்கறை!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கோப்பையை என் கையில் கொடுத்து, வெள்ள நிவாரணம் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

நன்றி என்று சொல்லி இறங்கியிருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் படகை நிவாரணப் படகு ஆக்கிவிட்டார். என் உளவாளியைக் கொசு மருந்து அடிப்பவர் ஆக்கிவிட்டார்.

"சார், அங்க பெருக்கு ஒண்ணும் வரல்ல" என்றேன் ஒலிவாங்கியில். "அது வெறும் வெள்ளமாக்கும். நாம குடிக்கமே, அந்த வெள்ளம். அவரு ஆள்காரங்கள ரட்சிக்கவும் இல்ல. அவரு உளவாளி. புகை விட்டது எதிரிகளுக்குக் கண்ணு தெரியாம இருக்க."

கூடம் முழுக்கச் சாலைக் கடைக்காரர்களும் அவர்கள் குடும்பமும். சிரிப்பு வெடித்தது. என்னைப் பார்த்து இல்லை. அவரைப் பார்த்து. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"அப்ப இது மலையாளச் சொல். கலப்பு. விதிப்படி உனக்குப் பரிசே கிடையாது, தெரியுமா? போகட்டும், சின்னப் பொண்ணு. கட்டுரையில வெள்ளப்பெருக்குன்னே இருக்கட்டும். நாலு வரிய நான் சரிபண்ணி மலர்ல போட்டுடறேன். பேசாம இறங்கிப் போ."

"வேண்டாம் சார். எங்க வீட்டுல இது தமிழாக்கும்."

கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். அது இரண்டாவதாக வந்த, புஷ்பக விமானத்தைப் பற்றி எழுதிய பையனுக்குப் போனது. மலரில் அவன் கட்டுரைதான் வந்தது. எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். சங்கத்துக்காரர்கள் பாதிப்பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். யாரிடமும் குரலை உயர்த்தாதவர், நடுத்தெருவில் என்னிடம் உயர்த்தினார்.

"என்ன மக்களே நீ! கோப்பை கையில இருந்துல்லா? அந்த மனுசன் என்னத்தையோ நெனச்சுக்கிட்டுப் போறாரு. சிரிச்சிட்டு எறங்கி வந்தா போராதா? மலர்ல பேரு வரணும்னு ராப்பகலா கெடந்து எழுதினது நீதானே?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

"நான் எழுதினதுக்குத் தரலப்பா. அது அவரு மனசுல எழுதின கட்டுரை. பரிசையும் அவரே வச்சுக்கட்டும்."