நண்டு ஓட்டு ஜெல்லும் ஒரு பசுவும்

மாமல்லபுரம் கரையில் மீன் விற்பவர்கள் ஒதுக்கிப் போடும் நண்டு ஓடுகள் எங்கள் ஆய்வகத்துக்கு மூட்டையாக வரும். அவற்றைக் கரைத்து, வடித்து, ஒரு ஜெல் செய்தோம். ஐஸில் இருக்கும்வரை தண்ணீர். உடம்புச் சூடு பட்டால் கெட்டியாகிவிடும். மாடுகளுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வரவைக்கும் கோமாரி நோய்க்கான தடுப்பூசி மருந்தை அதில் கலந்து போட்டால் மருந்து மெல்ல மெல்லக் கசியும். மாட்டின் உடம்பு நோயை எதிர்க்க நிதானமாகப் பழகும். வேலை முடிந்ததும் ஜெல் தானே கரைந்துவிடும். படூரில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தூரத்தில் கோடாகத் தெரியும் கடலைப் பார்த்து, அதில் ஒரு துளி எங்கோ ஒரு மாட்டின் கழுத்துக்குள் போய் உட்காரப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மாடுகளுக்குப் போட்டுச் சோதிக்க அனுமதி கிடைத்ததும் கால்நடை மருத்துவரோடு மதுராந்தகம் ஏரியை ஒட்டிய ஒரு கிராமத்துக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா தன் பசுவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஊசியே வாணாம்மா. போன தபா போட்டதுல கழுத்துல கட்டி வந்துட்ச்சி. எம்மா நாளு அப்பிடியே இருந்துச்சி தெரியுமா?"

அது எண்ணெய் கலந்த மருந்து. சில மாடுகளுக்கு அப்படிக் கட்டி நின்றுவிடுவதுண்டு.

"இது இன்னும் சோதனையிலதாம்மா இருக்கு. இதுலயும் கட்டி வரும், ஆனா கரையணும். கரையுதான்னு பாக்கத்தான் வந்திருக்கோம்" என்றேன்.

மருந்து சேர்க்காத ஜெல்லில் கொஞ்சம் அவர் உள்ளங்கையில் விட்டு மூடிக்கொள்ளச் சொன்னேன். ஏரிப் பக்கமிருந்து பனி நகர்ந்து வந்து மாட்டின் முதுகில் படிந்தது. அவர் கையைத் திறந்தார்.

"ஐயே, நுங்கு மாரி கீதே!" சிரித்துவிட்டார். "செரி, போடு. ஆனா நீயே வந்து பாக்கணும். வேற ஆள அனுப்பக் கூடாது."

வாரந்தோறும் போனேன். செங்கல்பட்டில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் வயலும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து ஓடும். விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியாது. கொட்டகைக்குள் போய் மாட்டின் கழுத்தைத் தடவுவேன். ஊசி போட்ட இடத்தில் கட்டி முதலில் எலுமிச்சை அளவு. பிறகு சுண்டைக்காய். ஒருநாள் என் விரல்கள் வெகுநேரம் தேடின. அந்த அம்மாவும் பக்கத்தில் கையை வைத்துத் தேடினார்.

"காணமே!" என்றார் மெதுவாக. தோலுக்கடியில் மாட்டின் நாடித் துடிப்பு மட்டும் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவில் கோமாரி வந்தது. அவர் போன் செய்தார். "என் மாட்டுக்கு வாய்ல நொர இல்ல, காலும் நல்லா கீது. வந்து பாரேன்."

ஒரு மாட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். எங்கள் ரத்தப் பரிசோதனைகள்கூட முடிந்திருக்கவில்லை. ஆனாலும் போனேன். வாசலில் செருப்பில் கிருமிநாசினி தெளித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். பசு தவிட்டுத் தொட்டியிலிருந்து முகத்தைத் தூக்கி என் மணிக்கட்டை நக்கியது. சொரசொரப்பான, சூடான நாக்கு. அதில் ஒரு புண்கூட இல்லை.