தேங்காய் எண்ணெயில் ஊறிய வளையங்கள்

எங்கள் பட்டறையில் செய்த ரப்பர் வளையங்களைப் படம் பிடிப்பது லேசான வேலையில்லை. கைக்குழந்தையையாவது கிலுகிலுப்பை ஆட்டிச் சிரிக்கவைத்து எடுத்துவிடலாம். வளையங்கள் கறுப்பாக, ஒன்றைப் போலவே இன்னொன்றாகக் கிடக்கும். போதாததற்கு, செய்து பத்து நாளானால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அது ரப்பரின் குணம், சரக்கு கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஆனால் படத்தில் பழைய சரக்கு போலத்தான் தெரிந்தது. குழந்தைக்குத் தேய்க்க வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. அந்தப் படங்களைத்தான் எங்கள் இணையப் பக்கத்தில் போட்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. பட்டறை திருவொற்றியூரில், ரயில்வே கேட்டை ஒட்டி இருந்தது. குழாய்களும் பம்புகளும் ஒழுகாமலிருக்க மூட்டுகளில் போடும் வளையங்களைச் செய்தோம். அச்சு இயந்திரத்தில் என் கணவர் நிற்பார். வெளியே வரும் வளையத்தின் ஓரப் பிசிறை, வியாசர்பாடியிலிருந்து வரும் ஓர் அக்கா சின்னக் கத்தரியால் நறுக்குவார். கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு.

எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தவை சில்லறை வேலைகள். அந்த நேரம் பார்த்து, ஷார்ஜாவில் ஒரு ரப்பர் கம்பெனியில் இருந்த என் கணவரின் நண்பர் அங்கே ஒரு வேலை இருப்பதாகச் சொன்னார். அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் நிலையாக வாங்கும் ஒருவர் கிடைத்தால் இங்கேயே இருப்பது, கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு அவர் விமானம் ஏறுவது என்று முடிவாயிற்று. மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். "உங்களுக்கு எது சரின்னு படுதோ அப்படிச் செய்யுங்க" என்று நான் சொன்னேன். சொன்ன நிமிடத்திலிருந்து, ஏன் அப்படிச் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அதனால்தான் இணையப் பக்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்தேன். ராயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து அதைச் செய்தேன். பக்கத்தின் அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் ஓர் எண் ஓடும். தினமும் அது கூடியது. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்த பிறகுதான், ஒவ்வொரு முறையும் பார்த்தது நானே என்று புரிந்தது. இடையிடையே வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் விலை கேட்டவை. விலை சொன்னால் பதில் வராது. விலையைக் கூட்டிச் சொல்லிவிட்டேனோ, குறைத்துச் சொன்னதால் மட்டமான சரக்கு என்று நினைத்துவிட்டார்களோ என்று இரண்டு பக்கமும் யோசித்தேன்.

நந்தம்பாக்கத்தில் நடக்கவிருந்த பம்பு, குழாய் கண்காட்சியில் ஸ்டால் எடுக்கப் போவதாகக் கணவர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது.

"இன்டர்நெட்ல உட்கார்ந்த இடத்துல பார்த்துக்கலாம். இந்தக் காலத்துல ஸ்டாலுக்கு யாருங்க வருவாங்க?"

"உன் இன்டர்நெட்ல ரிங்க அமுக்கிப் பாக்க முடியுமா? மோந்து பாக்க முடியுமா?"

"ரிங்க யாராவது மோந்து பாப்பாங்களா?"

"நா பாப்பேன்" என்றார் அவர்.

பிசிறு நறுக்கிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல், "கண்ணு, பொண்ணு போட்டோவ பாத்துட்டு எவனாச்சும் தாலி கட்டுவானா? நேர்ல வந்து பஜ்ஜி துன்னாதான் முடிவு பண்ணுவான்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

போவதென்று ஆன பிறகு, எதிலும் குறை வைக்கக்கூடாது என்று எனக்குப் பிடித்துக்கொண்டது. மேசைக்கு விரிப்பு தைத்தேன். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, மதியம், குழந்தை தூங்கும்போது மாதிரி வளையங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தன. துடைத்தால் மறுபடி பூக்குமே, ஊறவே வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. டிபன் கேரியரின் மேலடுக்கில் தண்ணீர்க் குழாய்க்கான சாதா ரப்பர் வளையங்கள், கீழடுக்கில் எண்ணெய்ப் பம்புக்கான நைட்ரைல் ரப்பர் வளையங்கள். இரண்டு அடுக்கிலும் தேங்காய் எண்ணெயை ஊற்றி மூடினேன். நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் தாண்டிப்போகத்தான் ஆசை.

கண்காட்சியன்று விடியும்போதே வாடகை வேனில் கிளம்பியும், கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு, மற்ற ஸ்டால்களில் விளக்கெல்லாம் போட்ட பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காவும் வந்திருந்தார். எங்கள் இடம் கடைசி வரிசையில், கழிவறைக்குப் பக்கத்தில். நான் கேரியரைத் திறந்து வளையங்களைத் துடைத்து அடுக்கினேன். கண்ணாடி மாதிரி மின்னின. கணவர் ஒன்றை எடுத்து, காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த குழாயின் பள்ளத்தில் பொருத்தினார். பொருந்தவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"இன்னா நைனா, பூரி மாதிரி உப்பிகினு கீது?" என்றார் அக்கா.

மேலடுக்கு வளையங்கள் எல்லாம் எண்ணெயைக் குடித்து உப்பியிருந்தன. நான் நடந்ததைச் சொன்னேன். கணவர் திட்டவில்லை. "கீழ அடுக்குல கீறத மட்டும் வை. இத்த டேபிளுக்கு அடியில தள்ளு" என்றார். திட்டியிருந்தால் அழுதாவது இருப்பேன்.

மதியம் வரை வந்தவர்களில் பாதிப்பேர் கழிவறைக்கு வழி கேட்டார்கள். மீதிப்பேர் பேனா இலவசமா என்று கேட்டார்கள். பை கொடுக்கிற ஸ்டால்களில் நிற்க இடமில்லை. ஷார்ஜாவில் குழந்தையின் பேச்சை அவர் போனில்தான் கேட்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும் அந்த எண்ணெயை ஊற்றாமல் இருந்திருந்தால் என்றும் நினைத்தேன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை.

சாப்பாட்டு நேரம் தாண்டி, ஐம்பது வயது இருக்கும் ஒருவர் கையைத் துடைத்தபடி கழிவறைப் பக்கமிருந்து வந்தார். எங்கள் மேசை முன்னால் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"தேங்கா எண்ண வாசனை வருதே. ஸ்டால்ல சமையலா?"

"நாந்தான் சார், தலைக்கு வச்சிகினு வந்தேன்" என்றார் அக்கா சட்டென்று.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒருவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டால் எனக்குப் பொய் வராது. "இல்ல சார். ரிங்க எண்ணெயில ஊறவச்சிட்டேன், பளபளன்னு இருக்கட்டும்னு. பாதி உப்பிப்போச்சு" என்றேன். மேசைக்கடியில் என் கணவர் என் காலை மிதித்தார்.

"உப்பினது எங்க? காட்டு."

எடுத்து வைத்தேன். வந்தவர் அதை அமுக்கிப் பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த நைட்ரைல் வளையத்தை எடுத்தார்.

"இது?"

"அதுவும் அதே எண்ணெயிலதான் சார் ஊறிச்சு."

"எத்தினி நாளு?"

"முந்தாநாள் மதியத்துலேர்ந்து."

அவர் சட்டைப் பையிலிருந்து கவ்விப் பிடிக்கும் ஓர் அளவுகோலை எடுத்து வளையத்தின் தடிமனை அளந்தார். கழற்றிவிட்டு மறுபடி அளந்தார். இழுத்தார், நகத்தால் கீறினார். கடைசியில், சத்தியமாக, மோந்து பார்த்தார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கப்பலில் வரும் பாமாயிலைத் தொட்டிகளில் நிரப்பி லாரிகளுக்கு ஏற்றும் ஓர் இடத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். "எல்லாரும் எண்ணெய்க்குத் தாங்கும்னுதாம்மா போட்டுகினு கீறாங்க. சர்டிபிகேட்டும் அனுப்புறாங்க. மாட்னா ஒரே வாரத்துல கொழகொழன்னு ஆயிடுது. நெட்ல பாத்தா அம்பது கம்பெனி, எல்லாம் கறுப்பு ரிங்கு. உன்னுதயும் பாத்திருப்பேன். எது தாங்கும்னு எனக்கெப்டி தெரியும்? எண்ணெயில ஊறவச்சி காட்னது நீதாம்மா" என்றார். பிறகு என் கணவரிடம், "பட்டறை எங்க?" என்று கேட்டார்.

"திருவொத்தியூர் சார். கேட்டாண்ட."

"எந்த கேட்டு? நம்ம கேட்டா? யோவ், நா தெனம் அந்த கேட்ட தாண்டித்தான்யா டூட்டிக்குப் போறேன்!"

"போர்டு வச்சிருக்கோமே சார்."

"கேட்டு மூடிகினா எவன் போர்ட பாப்பான்? ரயில் எப்ப போகும்னுதான் பாப்பான்" என்றார் அக்கா. வந்தவர் சத்தமாகச் சிரித்தார். குழந்தையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வேன் பிடித்துப் போய், பக்கத்துத் தெருக்காரரைச் சந்தித்திருக்கிறோம். ஆனால் கேட்டில் நிற்கும்போது அவர் வீட்டுக்கோ வேலைக்கோ போகிற மனிதர். வளையம் தேடுகிற மனிதராக அவர் வந்து நின்றது அங்கேதான்.

நல்ல வளையங்களில் ஆறும், உப்பினவற்றில் இரண்டும் வாங்கிக்கொண்டு போனார். பம்பில் மாட்டிப் பார்த்துவிட்டு மின்னஞ்சலில் சொல்வதாகச் சொன்னார். உப்பினது எதற்கு? யாரிடம் காட்டுவார்? அந்த இரண்டையும் கொடுத்திருக்கக்கூடாதோ? மூன்று வாரம் எனக்கு இதே யோசனை. தினமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்தவர் என்னைக் கண்டதும், "ஒண்ணும் வர்லக்கா" என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது கணவர் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் அந்த மின்னஞ்சல் வந்திருந்தது. கண்காட்சியில் கொடுத்த அதே சரக்கில் இருநூறு வளையங்கள் வேண்டும், இனி மாதாமாதம் தேவைப்படும், உப்பின இரண்டையும் நல்லதோடு சேர்த்துக் காட்டியது அதிகாரியிடம் ஒப்புதல் வாங்க உதவியது, தயவுசெய்து எண்ணெய் தடவாமல் அனுப்பவும் என்று எழுதியிருந்தார். மூன்று முறை படித்தேன். வேறு யாருக்கோ எழுதியதை எனக்கு அனுப்பிவிட்டாரோ என்று பெயரையும் சரிபார்த்தேன். அதற்குப் பிறகு அவருடைய ஆர்டர்கள் எல்லாம் மின்னஞ்சலில்தான் வந்தன. ஒரு முறைகூட அவர் எங்கள் இணையப் பக்கத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த முதல் ஆர்டர் வந்த அன்று சாயங்காலம் என் கணவர் ஷார்ஜா நண்பரிடம் பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். நானும் குழந்தையும் அக்காவும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அங்கே போனால் அவருக்கு இன்னும் நல்ல காலம் வந்திருக்குமோ, என் பயத்துக்காக அவரை நிறுத்துகிறேனோ என்று எனக்குள் ஓடியது. வியர்வையோடு வெளியே வந்தார்.

"இன்னா சொன்னாரு?" என்று அக்கா கேட்டார்.

"கெட்ட வார்த்தையில திட்னான்."

"திட்டட்டும். எனக்குத்தான் நஷ்டம். துபாய் சென்ட்டு ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன்."

"அது ஷார்ஜாக்கா."

"எங்கனா இன்னா, சென்ட்டு விக்காதா?"

அவர் என் இடுப்பிலிருந்து மகளை வாங்கிக்கொண்டார். "இருநூறு ரிங்கு. நாளைக்கு ஏழு மணிக்கு மிஷின் போடணும்" என்று அவளிடம் சொன்னபடி முன்னால் நடந்தார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட் படங்களை எடுத்து, ஒன்றை வாயில் வைத்துக்கொண்டாள். நான் பிடுங்கப் போனேன். அவர் "விடு" என்றார்.