சந்து முழுக்கச் சொன்ன இங்கிஹ்

யோக்யகர்த்தாவின் ஆற்றோரச் சந்தில் கொசு முட்டை வாளியை வீடு வீடாகக் கொண்டுபோய், "வைக்கலாமா?" என்று கேட்டவள் சுகாதாரத் தொண்டர் வாகினெம். எல்லோரும் "இங்கிஹ்" என்றார்கள். ஜாவாக்காரர் வாயில் அது 'சரி'யும் ஆகும், 'காதில் விழுந்தது, போய் வா' என்பதும் ஆகும். முகத்துக்கு நேரே யாரும் மறுக்க மாட்டார்கள்.

அந்த வாளிக் கொசுக்களின் உடம்பில் டெங்கு எளிதில் வளராது. ஊர்க் கொசுக்களோடு கூடி ஓர் அளவைத் தாண்டிப் பெருகினால் நிலைத்துவிடும், இல்லையென்றால் தேய்ந்துபோகும். எப்போது தாண்டும் என்று கணக்கிட்டவன் சுமத்ராத் தீவின் மேடானிலிருந்து வந்த, பாத்தாக் இனத்து இளைஞன் தோகார். அவன் ஊரில் ஆமாம் என்றால் ஆமாம்தான்.

மழைக்காலம் நெருங்கியது. சந்தில் வைத்த கொசுப் பொறியில் விழுந்தவற்றில் வாளிக் கொசு சொற்பமே. தோகார் வாகினெம் வீட்டுக்கே வந்துவிட்டான். அவனுக்கு அவள் 'இபு', அம்மா; அவளுக்கு அவன் 'மாஸ்', தம்பி.

"இபு, எல்லா வீட்லயும் வாளி இருக்குல்ல? அப்போ என் சமன்பாடுதான் தப்பு. நாளைக்கே மாத்திடறேன். ஊர் முழுக்க இந்தக் கணக்கை வச்சுத்தான் முட்டை அனுப்புவாங்க."

பக்கத்து வீட்டு பர்ஜினா வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதை வாகினெம் பார்த்திருக்கிறாள். "கோழி வளத்தா முட்டை. கொசு வளத்தா? சொறிஞ்சுக்க வேண்டியதுதான்!" என்று பர்ஜினா சிரித்தபோது இவளும் சிரித்து வைத்தாள். போன மழையில் மகன் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவள் அதே பர்ஜினா. அவளைக் காட்டிக் கொடுப்பதா? கொடுக்காவிட்டால், இந்த மழையில் எந்த வீட்டுப் பிள்ளையோ?

"இருக்குல்ல, இபு?"

"இல்லை, மாஸ்." குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பாதி வீட்ல கவுத்துட்டாங்க."

"எல்லாரும் சரின்னு சொன்னாங்களே!"

"இங்கிஹ்னாங்க. சரின்னு சொல்லலை."

"எந்தெந்த வீடு?" என்றான் தோகார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்; முதல் வீடு பர்ஜினாவுடையது.

புது வாளிகள் வந்தன. இந்த முறை மசூதி, பள்ளிக்கூடம், சுவரோரம் என்று யாரும் கவிழ்க்காத இடமாகப் பார்த்து வைத்தார்கள். அளவைத் தாண்டுமா என்று இன்னும் தெரியாது.

வாகினெம் காலையில் சந்தைக்குப் போகிறாள். வாசல் பெருக்கும் பர்ஜினா எல்லோரையும் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்கிறாள். இவள் வரும்போது மட்டும் குனிந்து, பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்குகிறாள்.