பதினாறு தகரமும் சிப்ரோசாவும்

சிப்ரோசா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் ஓயூகியோட தம்பி பொண்டாட்டி. தம்பி செத்து அஞ்சு வருஷம் ஆச்சு, ரெண்டு பொட்டப்புள்ளைங்க. அவ வீடும் என் வீடும் ஒரே வளவுக்குள்ள, நடுவுல ஒரு மாமரம்தான். அவ வீட்டு அடுப்பு எரியுதா இல்லையான்னு எனக்குத் தெரியாம இருக்காது. எரியாத நாள்ல அவகிட்ட கேக்க மாட்டேன். "வாங்கடி, உகாலிக் களி மிஞ்சிப்போச்சு"ன்னு புள்ளைங்களைக் கூப்பிடுவேன். எங்க மிஞ்சுது? அவளுக்கும் தெரியும்.

அவளைச் சோம்பேறின்னு எவனாவது சொன்னா வாயில மண்ணைப் போடுவேன். இந்த வட்டாரத்துல அவ கொத்தாத காடு கிடையாது, அதுதான் வினையே. மழை விழுந்த முதல் வாரம் எல்லாக் காடும் ஒரே நேரத்துல ஆளைக் கூப்பிடும். அந்த வாரம் மக்காச்சோளம் போட்டாத்தான் போட்டது. சரியா அந்த வாரம்தான் இவ வீட்டுல ஒரு பிடி மாவு இருக்காது. அடுத்தவன் காட்டுக்குப் போனாத்தான் சாயங்காலம் கஞ்சி. தன் காட்டுக்கு இவ திரும்பி வர்றதுக்குள்ள மூணு வாரம் ஓடிடும். பிந்திப் போட்ட சோளம் முழங்கால் உயரத்துல மஞ்சளா நிக்கும். வந்த வெளைச்சல் ரெண்டு மாசத்துல தீரும். அடுத்த மழைக்கும் அதே காலிப் பானை. வருஷா வருஷம் இதே கூத்து.

அவ அதிகமா போறது ஒகோலா கிட்ட. கடைத்தெருவுல மாவு மில், ஊருக்கு வெளிய செங்கல் சூளை, ஆத்தோரம் பத்து ஏக்கர் வெச்சிருக்கற மனுஷன். ரெண்டு பொண்டாட்டி. நாளுக்கு இருநூத்தம்பது ஷில்லிங் கூலின்னு சொல்லுவார். அது வாயில மட்டும்தான். கையில கேட்டா, "அடுத்த வாரம் வாம்மா, செங்கல் வித்ததும் தர்றேன்." போன வருஷம் சூளைக்கு நாலு மாசம் தண்ணி சுமந்தா. ஆத்துல இருந்து சூளைக்கு, தலையில இருபது லிட்டர் கேன். கடைசியில என்ன குடுத்தார் தெரியுமா? பழைய குடோன்ல இருந்து கழட்டிப் போட்ட பதினாறு தகரம்.

"காசு இல்ல சிப்ரோசா. தகரம் இருக்கு, எடுத்துக்க. மழையில நனையாம கெடப்ப."

"தகரத்தைக் கரைச்சா குடிப்ப? காசா கேளுடி"ன்னு நான் கத்தினேன்.

"கேட்டா இதுவும் போயிடும்க்கா"ன்னா.

துருப்பிடிச்ச தகரம், ஆணி ஓட்டை ஒவ்வொண்ணுலயும் பத்து இருக்கும். தார் உருக்கி அடைச்சோம். புல்லுக் கூரையைப் பிரிச்சு என் வீட்டுக்காரர்தான் தகரத்தை ஏத்திக் குடுத்தார். ஒகோலா அந்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எழுந்து, விதவைக்கு ஒரு கூரை குடுத்தேன்னு சாட்சி சொன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. நான் தட்டல.

இதெல்லாம் நடந்து ஏழு மாசம் கழிச்சு ஏதோ ஒரு தொண்டு அமைப்புக்காரங்க வந்தாங்க. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல ஷில்லிங், சும்மா, போன்லயே அனுப்புவாங்கன்னு பேச்சு. நாங்க நம்பல. எவன் எவனுக்குச் சும்மா குடுப்பான்? ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல நெஜமாவே வந்துடுச்சு. யாருக்கு வந்துச்சுன்னு பாத்தா எல்லாம் புல்லு வீடு. தகர வீடு ஒண்ணுக்குக் கூட வரல. எதை வெச்சுப் பொறுக்கறாங்கன்னு அவங்க யாருக்கும் சொல்லல. சொல்லணுமா என்ன? எங்களுக்குக் கண்ணு இருக்கு.

அடுத்தது எங்க ஊர்னு தெரிஞ்சதும் பாக்கணுமே கூத்தை. தகர வீட்டுக்காரங்க எல்லாம் பாயைச் சுருட்டிக்கிட்டு புல்லு வேய்ஞ்ச சமையல் குடிசைக்குக் குடி போயிட்டாங்க. ஒகோலா தன் ரெண்டாவது பொண்டாட்டியை ஆட்டுக் கொட்டாயில ஒரு கம்பளியோட உக்காத்தி வெச்சார். பக்கத்துலயே சோலார் பலகை பளபளன்னு மின்னுது.

சிப்ரோசாவுக்கு மட்டும் ஒளியறதுக்கு ஒரு சமையல் குடிசை கூட இல்ல. ஒத்தை வீடு, அதுக்கு மேல தகரம்.

பெயர் எழுதறவங்க வெள்ளிக்கிழமை வர்றதா சேதி. புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னா.

"அக்கா, தகரத்தைக் கழட்டப் போறேன்."

உள்ள இருந்து என் வீட்டுக்காரர், "உசிரோட ஆளு இருக்கற வீட்டுக் கூரையைப் பிரிக்கறதா? செத்த வீட்டுலதான் பிரிப்பாங்க. நான் கை வெக்க மாட்டேன்"னார்.

"அன்னைக்குப் புல்லைப் பிரிச்சீங்களே மாமா?"

"அது நல்லதுக்குப் பிரிச்சது."

"இதுவும் நல்லதுக்குத்தான்."

"பேசாத. வேற ஆம்பளையைக் கூப்பிட்டுப் பாரு. எவனும் வர மாட்டான்."

நெஜமாவே எவனும் வரல. வியாழக்கிழமை காலையில அவளே ஏணி போட்டு ஏறினா. எங்க ஜனத்துல பொம்பளை வீட்டுக் கூரை மேல ஏறுறது கேள்விப்படாத விஷயம். ஏணியைப் பிடிச்சது நான். இறுக்கிப் பிடிச்சேன், அபசகுனத்துக்குப் பயந்து இல்ல, அவ விழுந்தா ரெண்டு புள்ளைங்களும் என் தலையிலன்னுதான். கீழ மாமரத்தடியில ஊரே கூடிடுச்சு.

"யிம்போக்காரி, நீயும் ஏறு, அழகா இருக்கும்!"னு ஒருத்தன் என்னைக் கேலி பண்ணினான். என் பொறந்த ஊரை வெச்சுத்தான் என்னைக் கூப்பிடுவாங்க.

"நான் ஏறினா உன் மேலதான்டா விழுவேன்"னேன்.

எட்டுத் தகரம் கழட்டியாச்சு. எட்டு மேல இருக்கு. அப்பத்தான் வளவு வாசல்ல மோட்டார் சைக்கிள் சத்தம். ஒரு நாள் முன்னாடியே வந்துட்டாங்க.

லினெட்னு ஒரு சின்னப் பொண்ணு, கழுத்துல அடையாள அட்டை, கையில டேப்லெட். பின்னாடியே ஒகோலா. அந்தப் பொண்ணு ஆட்டுக் கொட்டாயை எழுதிக்க மாட்டேன்னுடுச்சு போல, வழியெல்லாம் கெஞ்சிக்கிட்டே வந்திருக்கார்.

லினெட் அண்ணாந்து பாத்துச்சு. பாதி தகரம், பாதி வானம். மேல ஒரு பொம்பளை, கையில சுத்தியல்.

"இது புல்லு வீடாம்மா, தகர வீடா? ரெண்டுல ஒண்ணுதான் குறிக்க முடியும்."

சிப்ரோசா சுத்தியலைக் கை மாத்திக்கிட்டா. பொய் சொல்லத் தெரியாதவ. தகரம்னு சொன்னா அந்தப் பணத்தோட அடுத்த மழைக்குத் தன் காட்டுல முதல்ல நிக்கறதும் போச்சு. எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு. என் நாக்கு முந்திக்கிச்சு.

"அது இவளோட தகரம் இல்லம்மா. ஒகோலா ஐயா இரவல் குடுத்தது. திருப்பித் தரத்தான் கழட்டறா."

மேல இருந்து சிப்ரோசா என்னைப் பாத்தா. அப்பத்தான் எனக்கே உறைச்சுது நான் என்ன பண்ணிட்டேன்னு.

லினெட் திரும்புச்சு. "உங்க தகரமா ஐயா?"

ஒகோலா கழட்டி அடுக்கின எட்டையும் பாத்தார், கூரையில இருந்த எட்டையும் பாத்தார். ஒரு ஈ அவர் கன்னத்துல உக்காந்துச்சு, அதைக் கூட விரட்டல. கூலிக்குக் குடுத்ததுன்னு சொன்னா, இத்தனை பேர் முன்னாடி துருப்பிடிச்ச கூலி வெளிய வந்துடும். இரவல்னு சொன்னா, குடுத்தது திரும்பி வந்துடும்.

"ஆமா, என்னோடதுதான். பாவமேன்னு குடுத்தேன்"னார். "இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன்."

 அது இரவல் இல்லன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். சர்ச்சுல கை தட்டினவங்கதானே? ஒருத்தரும் வாயைத் திறக்கல. திறந்தா லிஸ்ட்டுல இருந்து அவ பேரு போயிடும்.

சிப்ரோசா மேலேயே உக்காந்திருந்தா. 'அது என் நாலு மாசம்'னு அவ ஒரு வார்த்தை விட்டா போதும், எல்லாம் முடிஞ்சுது. சுத்தியலை மடியில வெச்சா. அப்புறம் சொன்னா:

"முதல்ல எழுதிக்கம்மா. நான் முழுசா கழட்டினதும் போட்டோ எடுத்துக்க. அதுக்கப்புறம் அவர் கொண்டு போகட்டும்."

மிச்சத்தை ஒவ்வொண்ணாப் பெயர்த்தா. ஒவ்வொண்ணையும் ஒகோலா காலடியில போட்டா. டமார், டமார்னு எட்டுத் தடவை. மனுஷன் ஒவ்வொரு தடவையும் ஒரு அடி பின்னாடி போனார். லினெட் போட்டோ எடுத்துச்சு, கட்டைவிரல் ரேகை வாங்குச்சு, போயிடுச்சு. மத்தியானம் ஒகோலா ஆளுங்க தள்ளுவண்டியோட வந்தாங்க.

ரெண்டு நாள் சிப்ரோசா என்கிட்ட பேசல. நியாயம்தான். நாலு மாசக் கூலியை என் வாயாலேயே தூக்கிக் குடுத்தவ நான். மூணாவது நாள் புல்லு அறுக்கப் போறப்ப, "வர்றியாக்கா"ன்னு மட்டும் கேட்டா. என் வீட்டுக்காரர் யாரும் கூப்பிடாமலே கூரை மேல ஏறினார். "பிரிக்கத்தான் ஆகாது, வேயலாம்"னார்.

ரெண்டு வாரம் கழிச்சு சரி பாக்க அமைப்புல இருந்து வேற ஒருத்தர் வந்தார். கிண்டிக் கிளறிக் கேக்கற ஆளு. உள்ள போய் விட்டத்தைத் தடவிப் பாத்தார்.

"இத்தனை ஆணி ஓட்டை எதுக்கு? தகரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"யாரோட தகரம்?"

 சிப்ரோசா அவரை நேராப் பாத்தா. "தன்னோடதுன்னு ஒகோலா ஐயாவே சொன்னார். உங்க பொண்ணும் கேட்டுச்சு." அதுல ஒரு சொல் பொய் இல்ல. அவர் என்னமோ எழுதிக்கிட்டுப் போனார். என்ன எழுதினார்னு தெரியல.

ஒரு மாசம் போச்சு. பணம் வரல. மழை வந்துடுச்சு.

முதல் நாள் காலையில ஒகோலாவோட மேஸ்திரி ரோட்டுல நின்னு ஆள் கூப்பிட்டார். பத்துப் பேர் போனாங்க. சிப்ரோசா மண்வெட்டியை எடுத்துக்கிட்டு எதிர்ப்பக்கம், தன் காட்டுக்குப் போனா. பானையில ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். சாயங்காலம் புள்ளைங்க என் வீட்டுலதான் சாப்பிட்டுச்சு. அடுத்த நாளும், அதுக்கு அடுத்த நாளும். நாலாவது நாள் என் மாவுப் பானையிலயே அடி தெரிஞ்சுது. என் வீட்டுக்காரர் தட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார். "பேசாம தின்னுங்க"ன்னேன்.

அஞ்சாவது நாள் ஒகோலாவே வரப்புல வந்து நின்னார். நான் ஓமேனாக் கருவாடு கொஞ்சம் எடுத்துட்டு அங்க போயிருந்தேன்.

"சிப்ரோசா, ஆள் பத்தல. முந்நூறு தர்றேன்."

"என் காடு முடியட்டும் ஐயா."

"கஞ்சிக்கு என்ன பண்ணுவ? மண்ணைத் தின்னுவியா?"

அவ நிமிரல, கொத்திக்கிட்டே சொன்னா: "தகரத்தை வித்துக் குடிக்கலாம்னு பாத்தேன். அதுவும் உங்ககிட்டல்ல இருக்கு."

நான் சிரிப்பை அடக்கினேன், பாதி வெளிய வந்துடுச்சு. அவர் முகம் கறுத்துப்போச்சு. "அந்தப் பணம் வரவே வராது. அடுத்த வாரம் என் வாசல்லதான் வந்து நிப்ப"ன்னுட்டுப் போனார்.

அவர் போனதும் அவ கை நின்னுடுச்சு. "அக்கா, வராதோ?"

"கொத்துடி"ன்னேன். 

ஏழாவது நாள் அவ ரவிக்கைக்குள்ள போன் கத்துச்சு. எடுத்துப் பாத்தா, என்கிட்ட நீட்டினா. நானும் படிச்சேன். முதல் தவணை, அம்பத்தஞ்சாயிரம் ஷில்லிங்.  போனைத் திரும்ப உள்ள வெச்சுக்கிட்டு அந்த வரிசையை முடிச்சா.

மறுநாள் மூணு பொம்பளைங்களைக் கூலிக்குக் கூப்பிட்டா. முந்நூறு, மத்தியானமே கையில. அதுல ஒருத்தி நான். என் வீட்டு மாவு தீந்து போயிருந்துச்சே. குனிஞ்சு ரெண்டு வரிசை கொத்தியிருப்பேன், பின்னாடியே வந்து நிக்கறா.

"அக்கா, இங்க வேரு அப்படியே நிக்குது. திரும்பக் கொத்து."

"அடியேய், நான் உன் ஓரகத்திடி!"

"மத்தியானம் வரைக்கும் கூலிக்காரி."

கொத்தினேன். மத்தியானம் காசு வந்துச்சு, முழுசா முந்நூறு.